பீரா ஒயினா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஃப்ரெண்டு ஒருத்தர் பெல்ஜியத்துல இருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து குடுத்தாரு, ஒயின் திராட்சை போட்டு ஊறவெச்ச புளிப்பு பீராம். ஒரு வாய் குடிச்சதும் மூஞ்சி அஷ்டகோணலாயிடுச்சு. கெட்டுப்போனதை நம்ம தலையில கட்டிட்டாரா?

பதில்: பாவம், அவரைத் திட்டாதீங்க. அது புளிக்கத்தான் செய்யணும். சாதாரண பீரோட பிஹெச் (எண் குறையக் குறைய புளிப்பு ஏறும்) 4.2, 4.5னு இருக்கும், இது 3.3, 3.5னு இறங்கிடும், அதாவது கிட்டத்தட்ட ஒயின் கணக்கு. ப்ரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக்ங்கற பீர்தான் இந்த வகைக்கே தாய். அதுல ஈஸ்ட்டுன்னு தனியா எதுவும் போடமாட்டாங்க, கொதிச்ச மால்ட் கஷாயத்தை ஆழமில்லாத பெரிய தொட்டியில ஊத்தி குளிர்கால ராத்திரி முழுக்க திறந்தே ஆறவிடுவாங்க, காத்துலயும் கட்டடத்துலயும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தானா வந்து குடியேறிடும், அப்புறம் ஓக் பீப்பாய்ல வருஷக்கணக்குல கிடக்கும். பீருக்குக் கசப்பு குடுக்கிற ஹாப்ஸ் பூவும் பழசாக்கினதுதான் போடுவாங்க, அதான் கசப்பு தெரியல. அங்க 1900ல ஆரம்பிச்ச கான்டியோன்ங்கற பீர் ஆலையில மெர்லோ திராட்சை ஊறினது செயின்ட் லாம்வினுஸ், வெள்ளை மஸ்கட் ஊறினது விக்னரோன்.

முதல் வாயை வெச்சு மட்டும் தீர்ப்பு சொல்லாதீங்க. அந்த அதிர்ச்சியில நாக்குக்கு வேற எதுவும் தெரியாது. நான் முதல்தடவை குடிச்சப்ப ரோஸ் கலர் நுரை எழும்பி ஒரு நிமிஷத்துல காணாமப் போச்சு, மோந்து பார்த்தா குதிரை லாயம், ஈர வைக்கோல், பழைய தோல் பை, அடடா இதையா காசு குடுத்து வாங்கினோம்னு தோணிச்சு. அது பிரெட்டனோமைசிஸ்ங்கற ஈஸ்ட்டோட கைவரிசை. (1904ல டென்மார்க்கோட கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில இருந்த க்ளாசன் இங்கிலீஷ் பீர்ல பார்த்து வெச்ச பேரு, அர்த்தம் ‘பிரிட்டிஷ் பூஞ்சை’. ஒயின்காரங்களுக்கு இந்தப் பேரைக் கேட்டாலே ஜுரம் வரும்.) மூணாவது வாய்லதான் புளிப்பு பிரிபிரியா தெரிய ஆரம்பிச்சுது. தயிர் மாதிரி உருண்டையா வர்றது லாக்டிக். மூக்குல ஏறுற வினிகர் குத்தல் அசிட்டிக். திராட்சை கொண்டுவர்றது டார்டாரிக், நம்ம புளியில இருக்கிற அதே ஆசிட்தான், அது நாக்கோட ரெண்டு பக்கமும் இழுக்கும். முழுங்கினப்புறம் ஈறு காய்ஞ்சு ஒட்டுதே, அது திராட்சைத் தோல், கொட்டையில இருந்து வர்ற டானின். துவர்ப்புன்னு நமக்குத் தனி வார்த்தையே இருக்கு, சொல்லத் திண்டாட வேண்டியதில்ல. எனக்கு இந்தத் துவர்ப்புக்காகவே திராட்சை போட்டது பிடிக்கும், மத்த பழம் போட்டதுல இது இந்த அளவுக்கு வராது.

கேள்வி: திராட்சை போட்டா இனிக்கணும்ல?

பதில்: இனிப்பை எல்லாம் ஈஸ்ட் தின்னுடும். மிஞ்சறது கலர், வாசனை, ஆசிட், டானின். அதனால ஜூஸ் மாதிரி இருக்கும்னு நினைச்சு வாயில வெச்சா ஏமாந்துதான் போவீங்க. இத்தாலிக்காரங்களும் பீர்ல திராட்சை போடறாங்க, இத்தாலியன் கிரேப் ஏல்னு தனி வகையே இருக்கு, ஆனா அதெல்லாம் புளிச்சே ஆகணும்னு இல்ல.

கேள்வி: எங்க பாட்டில்ல நெயில் பாலிஷ் வாசனை வருது. குடிக்கலாமா?

பதில்: அது எத்தில் அசிடேட். அசிட்டிக் ஆசிட்டும் ஆல்கஹாலும் சேர்ந்தா வரும். லேசா இருந்தா பழ வாசனை மாதிரிதான் தெரியும். தூக்கலா இருந்தா பீப்பாய்க்குள்ள காத்து ஜாஸ்தியா போயிருக்கு, உடம்புக்கு ஒண்ணும் பெருசா ஆகாது, ஆனா ரசிச்சுத்தான் ஆகணும்னு கட்டாயமா என்ன?

கேள்வி: ஐஸ் மாதிரி குடிக்கணுமா?

பதில்: வேண்டாம். 10, 12 டிகிரி போதும், ஒயின் கிளாஸ்ல பாதிக்கும் கம்மியா ஊத்துங்க. ரொம்ப சில்லுன்னு இருந்தா வாசனை அடங்கிடும், வெறும் புளிப்புதான் மிஞ்சும். அடியில வண்டல் இருந்தா பாட்டிலை ஆட்டாம ஊத்துங்க.

கேள்வி: மிச்சத்தை நாளைக்கு வெச்சுக்கலாமா?

பதில்: இறுக்கி மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சா மறுநாளைக்குத் தாங்கும், கேஸ் போயிருக்கும், சிலதுல ருசி கூடியும் இருக்கும். நாலு நாள் மறந்துட்டீங்கன்னா கிச்சன்ல வினிகர் பாட்டில் பக்கத்துல வெச்சுடுங்க.