சைக்கிள் கொட்டகையை எங்கே போடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொழிற்கூடக் கட்டடங்கள் குறித்து வந்த கேள்விகளில் இந்த முறை பெரும்பங்கு சைக்கிளுக்கே போய்விட்டது. மழைக்காலம் நெருங்குகிறது போலும்.

எங்கள் பனியன் கம்பெனிக்கு 25 பேர் சைக்கிளில் வருகிறார்கள். கூரை போட்டுக் கொடுக்க எவ்வளவு இடம் தேவைப்படும்? (திருப்பூர்)

சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 1.8 மீட்டர், ஹேண்டில்பாரின் அகலம் 60 சென்டிமீட்டர். மற்றதெல்லாம் வெறும் கூட்டல் கணக்கு. வரிசைக்குப் பதின்மூன்றாக எதிரெதிரே இரண்டு வரிசை, நடுவில் உருட்டிக்கொண்டு திரும்ப 1.8 மீட்டர் வழி. மொத்தம் 26 அடிக்கு 18 அடி வரும். கதவு திறக்க இடம் விட்டு நான்கு கார்களை நிறுத்தினால் பிடிக்கும் பரப்பைவிட இது குறைவு. முதலாளியிடம் பேசும்போது இந்தக் கணக்கையே முதலில் சொல்லுங்கள்.

கணக்குப் போடுவதற்கு முன் ஒரு நாள் காலையில் வாசலில் நின்று, வருகிற சைக்கிள்களைக் கவனியுங்கள். பின்சக்கரத்தில் இரட்டைக்கால் ஸ்டாண்டு உள்ளவற்றுக்குச் சமமான சிமெண்ட் தரையே போதும். ஒற்றைக்கால் ஸ்டாண்டு என்றால் ஒன்று சாய்ந்தாலும் வரிசை முழுவதும் சாயும், தாங்குவதற்குக் குழாய் வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளிலேயே இன்னும் வேலைக்கு வரும் பெண்கள் உண்டு. அவற்றின் முன்கூடைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் என்பதால் அந்த வரிசையில் 60-க்குப் பதில் 75 சென்டிமீட்டர் விடுங்கள்.

கூரை போட்டும் சைக்கிள் நனைகிறது. வேறு தகடு மாற்ற வேண்டுமா? (அம்பத்தூர்)

தகட்டின் மேல் குற்றமில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் கூரை பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கிறது. லாரி நிற்கப்போவதில்லையே! தாழ்ந்த பக்கம் ஏழு அடி இருந்தால் மனிதர் தலை இடிக்காது. கூரை உயர உயரச் சாரலுக்குத்தான் கதவு திறக்கிறோம். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது வடகிழக்குப் பருவமழை. வடக்கிலும் கிழக்கிலும் தடுப்பு வையுங்கள், கூரை விளிம்பை இரண்டரை அடி வெளியே நீட்டுங்கள். தடுப்பைத் தரையிலிருந்து ஓர் அடி விட்டு ஆரம்பித்தால் காற்றோட்டம் கெடாது.

தகட்டைவிட அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பக்கங்கள் திறந்த கொட்டகைக்குள் காற்று புகுந்தால் குடையை நிமிர்த்துவதுபோல் கூரையை மேலே தூக்கும். இத்தகைய கொட்டகைக்கு அஸ்திவாரம் போடுவது பாரம் தாங்குவதற்காக மட்டுமன்று, பறந்துவிடாமல் பிடித்துவைப்பதற்காகவும்தான். இந்தியத் தர நிர்ணயம் சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், கோயம்புத்தூருக்கு 39. எனவே கோவையில் நின்ற கொட்டகையின் வரைபடத்தை அப்படியே அம்பத்தூருக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மா கிடக்கிறதே, போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். துளையிடும்போதும் உடையும்போதும் எழும் தூசி நுரையீரலுக்கு எமன்.

சக்கரத்தைச் செருகி நிறுத்தும் ஸ்டாண்டு வாங்கினோம். யாரும் பயன்படுத்துவதில்லை. (ஓசூர்)

அவர்கள் செய்வதுதான் சரி. முன்சக்கரத்தை மட்டும் இறுகப் பிடிக்கும் ஸ்டாண்டில், பக்கத்தில் ஒருவர் இடித்தால் முழு எடையும் ரிம்மின் மேல் விழும். பிறகு கோட்டம் எடுக்கும் செலவு யாருடையது? அதோடு, சக்கரத்தை மட்டும் பூட்டினால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மற்றதைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

கவிழ்த்துவைத்த ‘ப’ வடிவில் இரும்புக் குழாயை வளைத்துத் தரையில் புதையுங்கள். குழாய் இரண்டு அங்குலத் தடிமன், தரைக்கு மேல் 75 சென்டிமீட்டர் உயரம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு மீட்டர் இடைவெளி. இருபுறமும் ஒவ்வொரு சைக்கிள் சாய்ந்து நிற்கும், சட்டத்தையே குழாயோடு சேர்த்துப் பூட்டலாம். உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே முடிகிற வேலை.

கொட்டகை கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவில் அங்கே போகப் பயமாக இருக்கிறது. வாசலருகே நிறுத்தினால் திட்டுகிறார்கள். (ஈரோடு வாசகி)

அம்மா, இதில் தவறு உங்களுடையது அன்று, வரைபடம் போடும் என்னைப் போன்ற ஆட்களுடையது. நான் முதன்முதலில் வரைந்து கொடுத்த கொட்டகையும் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால்தான் இருந்தது. வரைபடத்தில் அந்த மூலை காலியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. ஆறு மாதம் கழித்துப் போனால் உள்ளே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். சைக்கிள்கள் எல்லாம் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தன.

வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம், கார் நிற்கும் இடத்தைவிட வாசலுக்கு நெருக்கமான இடம், இரவு முழுவதும் எரிகிற விளக்கு. நிர்வாகத்திடம் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், தனியாகப் போகாமல் நான்கு பேராகப் போய்க் கொடுங்கள். இடம் மாற்ற நாளாகும் என்றால், விளக்கையாவது இந்த வாரமே போடச் சொல்லுங்கள்.

மின்சார சைக்கிளுக்கு அங்கேயே சார்ஜ் ஏற்றலாமா? (கோயம்புத்தூர்)

ஏற்றலாம். மழை படாத உயரத்தில் பிளக், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் கருவி, தனி எர்த். பஞ்சு, நூல், அட்டை இருக்கும் கிடங்கை ஒட்டியோ, ஆட்கள் வெளியேறும் வழியிலோ கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது எளிதன்று.

எங்களிடம் ஆறு பேர்தான் சைக்கிளில் வருகிறார்கள். அதற்கும் கொட்டகையா? (பெயர் வேண்டாம் என்கிறார் ஒரு மேலாளர்)

ஆறு பேருக்கு மூன்று குழாய், 10 அடிக்கு 7 அடி கூரை. உங்கள் கார் நிற்கும் போர்ட்டிகோ அதைவிடப் பெரிதாக இருக்குமே? கூடவே ஒரு காற்றடிக்கும் பம்ப்பைச் சங்கிலியில் கட்டிவையுங்கள். தோல் வாஷர் காய்ந்தால் பம்ப் காற்றுப் பிடிக்காது. மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விட வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள்.