அமுக்குவான் பேயும் நைட் டியூட்டியும்

கேள்வி: எனக்கு 24 வயது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் பத்து நாள் நைட் டியூட்டி. காலையில் ஹாஸ்டலுக்கு வந்து படுத்தால், சில நாள் திடீரென்று விழிப்பு வரும். ஆனால் கை கால் அசையாது, கத்தினால் சத்தம் வராது. கட்டில் பக்கத்தில் கறுப்பாக யாரோ நிற்பது தெரியும். அப்புறம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு முட்டும். அமுக்குவான் பேய் என்று அம்மா மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். தலையணைக்கு அடியில் பாக்குவெட்டி வைத்திருக்கிறேன். அப்படியும் போன வாரம் வந்தது. நர்ஸாக இருந்துகொண்டு இதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூளையில் கோளாறா? தூக்க மாத்திரை போடலாமா? வீட்டில் வரன் பார்க்கிறார்கள், அவர்களிடம் சொல்லிவிட வேண்டுமா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: நீங்கள் எழுதியிருப்பது அப்படியே ஸ்லீப் பராலிசிஸ், அதாவது விழித்த பிறகும் உடம்பு சற்று நேரம் அசையாமல் கிடப்பது. மூளைக் கோளாறு இல்லை, மனநோயும் இல்லை. வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்தவர்கள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர். மாணவர்களில் மட்டும் பார்த்தால் நான்கில் ஒருவருக்கு மேல். உங்கள் வார்டிலேயே இன்னொரு சிஸ்டர் இதே வெட்கத்தோடு வாய் திறக்காமல் இருக்கலாம். ஹாஸ்டலில் இருந்த காலத்தில் எனக்கும் வந்திருக்கிறது. நான் பார்த்தது ஜன்னலோரம் ஒரு கிழவி.

நாம் கனவு காணும் தூக்கத்துக்கு ரெம் தூக்கம் என்று பெயர். மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடுவதை வைத்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1953இல் கண்டுபிடித்தார்கள். அந்த நேரத்தில் மூளைத்தண்டு உடம்பின் தசைகளுக்குப் பூட்டுப் போட்டுவிடும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் நிஜமாகவே எழுந்து ஓடிச் சுவரில் மோதிக்கொள்வார். பூட்டுக்குத் தப்புவது முக்கியமாகக் கண் தசைகளும், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானமும்தான். சில நேரம் மனசு முதலில் விழித்துக்கொள்கிறது, பூட்டு திறக்கக் கொஞ்சம் தாமதமாகிறது. பெரும்பாலும் சில விநாடிகள், சில சமயம் ஓரிரு நிமிடங்கள். அவ்வளவுதான் விஷயம்.

நெஞ்சில் உட்காருகிற ஆள் யார் என்றால், உங்கள் மார்புத் தசைகளே. அவை தளர்ந்து கிடக்க, உதரவிதானம் தனியாக மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறது. பயத்தில் நீங்கள் ஆழமாக மூச்சு வாங்கப் பார்க்கிறீர்கள், மார்பு ஒத்துழைக்காது. அதுதான் பாரமாகத் தெரிகிறது. மூச்சு நிற்கவில்லை. நிற்கிற கறுப்பு உருவம், முடியாத கனவின் மிச்சம். அசைய முடியாமல் கிடக்கிற மூளை ஆபத்து எங்கே என்று தேடுகிறது, கனவு அதற்கு ஓர் உருவத்தைக் கொடுத்துவிடுகிறது.

நமக்கு அமுக்குவான் பேய். ஜப்பானியர்களுக்கு கனஷிபாரி, உலோகத்தால் கட்டிப்போட்டது என்று பொருள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நெஞ்சில் ஏறும் கிழவி. (என் கிழவி அங்கிருந்து வந்தவளாக இருக்கும்.) 1781இல் ஃபியூசெலி வரைந்த ‘தி நைட்மேர்’ ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். மல்லாந்து கிடக்கிற பெண்ணின் நெஞ்சில் குட்டிப் பிசாசு ஒன்று குந்தியிருக்கும். அவள் மல்லாந்து கிடப்பதைக் கவனியுங்கள். மல்லாந்து படுக்கும்போதுதான் இது அதிகம் வருகிறது.

சரி, உங்களுக்கு ஏன் வருகிறது? நைட் டியூட்டிதான். ரெம் தூக்கம் அதிகாலையிலும் காலையிலும்தான் அதிகம் வரும். உடம்புக் கடிகாரம் அதற்கென்று ஒதுக்கிய நேரம் அது. இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலை எட்டரைக்குப் படுக்கிற நீங்கள் நேராக அதற்குள்ளேயே விழுகிறீர்கள். போதாக்குறைக்கு ஹாஸ்டல் சத்தம் தூக்கத்தைக் கலைக்கும், மறுபடி கண் அசரும். ஜப்பானில் 1992இல் சிலரை நடுத்தூக்கத்தில் எழுப்பி மறுபடி தூங்கவிட்டு, இந்த அமுக்கலை ஆய்வுக்கூடத்திலேயே வரவழைத்திருக்கிறார்கள். உங்கள் ஹாஸ்டல் அதை இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது.

எனவே சரிசெய்ய வேண்டியது தூக்கத்தை. டியூட்டி முடிந்து வந்ததும் ஜன்னலில் தடிமனான துணி கட்டி அறையை இருட்டாக்குங்கள், காதில் பஞ்சு வையுங்கள், போனை அணைத்துவிடுங்கள். டீ, காபி எல்லாம் டியூட்டியின் முதல் பாதியோடு முடியட்டும். இரவும் பகலும் மாறி மாறிப் போடாமல் நைட்டைச் சேர்ந்தாற்போல் கொடுக்கச் சொல்லி இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, தூக்கம் வரவில்லை என்றால் போதும்.

வரும்போது திமிறாதீர்கள். திமிறினால் பயம் ஏறும், பாரமும் கூடும். கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், மூச்சை அதன் போக்கில் விடுங்கள். யாராவது தொட்டால் சட்டென்று விலகிவிடும். அறைத் தோழியிடம் சொல்லி வையுங்கள், நீங்கள் முனகினால் தோளைத் தட்டட்டும்.

மாத்திரையை நீங்களாக எடுத்துப் போடவே வேண்டாம். வார்டில் கைக்கு எட்டுகிறது என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் வாரம் தவறாமல் வந்தாலோ, படுக்கவே பயமாக இருந்தாலோ, நன்றாகத் தூங்கிய பிறகும் பகலில் அடக்க முடியாமல் கண் சொருகினாலோ, சிரிக்கும்போது முழங்கால் துவண்டாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கடைசி இரண்டும் நார்கோலெப்சி என்ற வேறு நோயின் அடையாளமாக இருக்கலாம். பலத்த குறட்டை இருந்தாலும் சொல்லுங்கள்.

வரன் விஷயம்: நிச்சயத்துக்கு முன்னால் அறிவிக்க வேண்டிய நோய் இல்லை இது. கல்யாணத்துக்கு அப்புறம் கணவரிடம் சொல்லுங்கள், தோளைத் தட்டும் வேலை அவருக்கு.

அம்மா கட்டிய கயிறு இருக்கட்டும், அவருக்கு நிம்மதி. பாக்குவெட்டியை மட்டும் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுங்கள். இனிமேல் ஒருக்களித்துப் படுக்கப்போகிறீர்கள், காதில் குத்தும்.