ஒருவரின் குணமும் அவர் செய்யும் வேலையும் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறதா?

குணத்தைப் பொறுத்தவரை ஏறக்குறையப் பாதி என்று சொல்லலாம், ஆனால் அந்தப் பாதியைத்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். 2015இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, ஐம்பது வருட இரட்டையர் ஆய்வுகளை, அதாவது சுமார் 1 கோடியே 45 லட்சம் சோடிகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, ஆராயப்பட்ட மனிதப் பண்புகள் எல்லாவற்றுக்கும் மரபுவழிப் பங்கு சராசரியாக 49 சதவீதம் என்றது. உங்கள் கோபத்தில் பாதி அப்பாவிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தால் வருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறும்.

சரி, ஆண் வேலை, பெண் வேலை? உடல் பலத்தில் சராசரி வித்தியாசம் உண்மைதான், ஆண்களில் கூடுதலாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோனுக்கு அதில் பெரிய பங்கு உண்டு, அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே திருகோணமலையில், உப்புவெளிக் கடற்கரைக்கு ஒரு மத்தியானம் போய்ப் பாருங்கள். கரைவலை இழுத்துக் களைத்த அண்ணாமார் மணலில் குந்தியிருந்து, கிழிந்த வலையைக் கால் பெருவிரலில் கொழுவி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் கண் கண்ணாக, ஒரு முடிச்சும் பிசகாமல், மணிக்கணக்காகப் பின்னுவார்கள். அதே வீடுகளில் சட்டைக்குப் பொத்தான் தைப்பது பெண்களின் இயல்பான வேலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டுக்கும் தேவை ஒரே விரல்தான், ஒரே பொறுமைதான். எந்த மரபணுவும் வலைக்கு ஆணையும் சட்டைக்குப் பெண்ணையும் பிரித்து வைக்கவில்லை.