அயர்லாந்தில் கடற்கரை ஊர்களைப் பார்க்க நாள் ஒதுக்கலாமா, ஒரு நாள் டூர் போதுமா?

மகள் டப்ளினில் இருக்கிறாள், பத்து நாள் போய் இருக்கப் போகிறோம், மோகர் பாறைகளுக்கு ஒரு நாள் டூர் போனால் போதும், மற்றபடி அங்கே பச்சைப் புல்லும் மழையும்தான் என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். "பச்சைப் புல்லும் மழையும்தான்" என்ற அந்த வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். கார்க் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் ஆறு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இந்த நாட்டைப் பற்றி அப்படிச் சொல்லிக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கார்க்குக்குப் பக்கத்தில் கோவ் என்ற துறைமுக ஊர் இருக்கிறது, அதற்கு நாள் ஒதுக்குங்கள் என்பதுதான் என் பதில்.

உங்களுக்கும் உங்கள் வீட்டம்மாவுக்கும் அறுபதை ஒட்டிய வயது இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். மகளுக்கு நாலைந்து நாளுக்கு மேல் லீவு கிடைக்காது. மீதி நாளெல்லாம் நீங்கள் இருவரும் வீட்டுக்குள் உட்கார்ந்து வெளியே பெய்யும் மழையைப் பார்க்கப் போகிறீர்கள். என் அப்பா அம்மா வந்தபோதும் முதல் வாரம் அப்படித்தான் போனது.

மோகர் பாறைகளை நான் குறை சொல்லவில்லை. 214 மீட்டர் உயரத்தில் அட்லாண்டிக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய காட்சிதான். ஆனால் நாங்கள் போன டூர் வேனில் விடிகாலை ஏறி, போகவர எட்டு மணி நேரம் உட்கார்ந்து, பாறையில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரம் முழுவதும் மூடுபனி. கீழே கடல் இருக்கிறது என்பதே சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு வேனில் வாந்தி வேறு. திரும்பி வரும்போது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் காசைக் கரியாக்கிவிட்டாள் என்று நினைக்கிறாரோ என்று நான் தவித்துக்கொண்டு வந்தேன்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது நான் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அப்பா அம்மா இரண்டு வாரம் இருப்பார்கள் என்று ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லி, சரி என்ற பதிலும் வாங்கியிருந்தேன். அவர்கள் வந்த ஐந்தாம் நாள் வீட்டுக்காரர் வந்து, மூன்று பேர் குளிப்பதற்கு வெந்நீர் அதிகம் செலவாகிறது, ஒன்று கூடுதல் வாடகை தாருங்கள், இல்லையென்றால் அவர்களை வேறு இடத்தில் வையுங்கள் என்றார். அவர் கேட்ட தொகை என் அரை மாத வாடகை. மழையில் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நான்கு இரவு விடுதியில் தங்க வைத்தேன். இங்கே வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம், வாடகை எவ்வளவு என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் பார்த்தால் "உனக்கென்னம்மா, யூரோவில் சம்பாதிக்கிறாய்" என்பார்கள். என் சம்பளத்தில் பாதி எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்தச் செலவுக்கு அப்புறம் கார் வாடகைக்கு எடுத்துக் கடற்கரையெல்லாம் சுற்றும் திட்டத்தை விட்டுவிட்டேன். ரயிலில் போகக்கூடிய இடத்துக்குப் போகலாம் என்று கார்க் கென்ட் ஸ்டேஷனிலிருந்து கோவ் ஊருக்குப் போனோம். இருபத்தைந்து நிமிடப் பயணம். கையில் காசு இருந்திருந்தால் அந்த ஊரைக் காரில் தாண்டிப் போயிருப்போம்.

பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தை (Cobh) பார்த்து "கோப்" என்று படிக்கத் தோன்றும். கோவ் என்றுதான் சொல்ல வேண்டும். ஐரிஷ் எழுத்துமுறையில் பி-யும் எச்-சும் சேர்ந்து வந்தால் "வ" ஒலி. 1849-இல் விக்டோரியா ராணி வந்து இறங்கியதால் குயின்ஸ்டவுன் என்று மாற்றினார்கள். விடுதலைப் போராட்ட சமயத்தில், 1920 வாக்கில், பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. அப்பா துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா தோணியில் வேலை பார்த்தவர். 1974-இல் புதுத் துறைமுகம் வருவதற்கு முன்பு எங்கள் ஊரில் கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்ப்பார்கள். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் அப்பாவை ஒரு துறைமுக ஊருக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெளிநாடு என்றால் மலையும் பாறையும் காட்ட வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

ரயிலை விட்டு இறங்கியதுமே தண்ணீர்தான். அப்பா நேராகக் கரைக்குப் போய் நின்றார். பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, "நல்ல ஹார்பரும்மா. காத்து உள்ளயே வராது. எத்தன கப்பல் வேணாலும் நிக்கலாம்" என்றார். அயர்லாந்து வந்து பத்தாவது நாள் அது. அதுவரை அவர் தானாக எதையும் நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை.

டைட்டானிக் கடைசியாக நின்ற துறைமுகம் இதுதான். 1912 ஏப்ரல் 11. அந்தக் கப்பல் கரைக்கு வரவே இல்லை. துறைமுக வாய்க்கு வெளியே ரோச்சஸ் முனைக்கு அருகில் நங்கூரம் போட்டு நின்றது. ஊரிலிருந்து 123 பயணிகளை இரண்டு சிறிய நீராவிப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்த்தார்கள். அவர்களில் 44 பேர்தான் பிழைத்தார்கள். டைட்டானிக்கை ஓட்டிய ஒயிட் ஸ்டார் கம்பெனியின் பழைய டிக்கெட் ஆபீஸ் இப்போது காட்சியகம். உள்ளே போகும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு கொடுப்பார்கள், அந்த 123 பேரில் ஒருவரின் பெயர் அதில் இருக்கும். அவர் பிழைத்தாரா இல்லையா என்பது கடைசி அறையில்தான் தெரியும். அம்மாவுக்கு மூன்றாம் வகுப்பில் போன ஒரு இளம்பெண்ணின் சீட்டு வந்தது. அந்தப் பெண் பிழைக்கவில்லை. அம்மா அந்தச் சீட்டைத் தன் பர்ஸில் வைத்து ஊருக்கே கொண்டு போய்விட்டார்.

கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீரில் பழைய மரத் தூண்கள் சில கறுத்துப் போய் நிற்கின்றன. அந்தப் பயணிகள் படகு ஏறிய பாலத்தின் மிச்சம். ஊர்க்காரர்கள் அதை நெஞ்சுடைந்த பாலம் என்ற பொருளில் ஒரு பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு தோணி மாதிரியேல்லா கொண்டுபோயிருக்காக. கொழும்புக் கப்பலுக்கு உங்க பூட்டன் காலத்துல இப்படித்தான் ஆளக் கொண்டுபோய் ஏத்துவாக" என்று சொல்ல ஆரம்பித்தார். 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். அந்தக் கதைகளை அப்பா முக்கால் மணி நேரம் சொன்னார். அதில் பாதி அம்மாவே கேட்டிராதவை.

பழைய ரயில் நிலையத்திலேயே ஒரு மரபு மையம் இருக்கிறது. அங்கே நிதானமாக இருங்கள். 1848-க்கும் 1950-க்கும் இடையில் அயர்லாந்தை விட்டுப் போன 60 லட்சம் பேரில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இந்த ஒரு ஊரிலிருந்து போயிருக்கிறார்கள். 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து தொடங்கிய பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதே வருடங்களில் ஐரிஷ் துறைமுகங்களிலிருந்து தானியமும் மாடும் வெண்ணெயும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தன. அப்பா இதை என்னிடம் இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். "தாது வருசப் பஞ்சத்துலயும் இதான நடந்தது" என்றார். 1841 கணக்கெடுப்பில் இந்தத் தீவில் 80 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். இன்று பிரிட்டனோடு இருக்கும் வடக்கையும் தனி நாடான தெற்கையும் சேர்த்தாலும் அந்த எண்ணிக்கை வரவில்லை. நீங்கள் பார்க்கப் போகும் பச்சைப் புல் பல இடங்களில் ஆள் இல்லாமல் போன நிலத்தில் முளைத்த புல்.

வெளியே ஆனி மூர் சிலை. இரண்டு தம்பிகளைக் கூட்டிக்கொண்டு இங்கே கப்பல் ஏறி, 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதல் ஆளாக உள்ளே போன பதினேழு வயதுப் பெண். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை அமெரிக்கா கிளம்புவதற்கு முந்தின இரவு, செத்தவருக்குச் செய்வது போலவே ஊர் கூடி விடிய விடிய விழித்திருப்பார்களாம். திரும்பி வர மாட்டார்கள் என்று தெரியும். இதை அப்பாவிடம் சொன்னேன்.

நான் இந்த நாட்டுக்குக் கிளம்பிய அன்று அப்பா விமான நிலையத்துக்கு வரவில்லை. நைட் ஷிப்ட் என்று சொல்லிவிட்டார். அம்மாவும் மாமாவும்தான் திருவனந்தபுரம் வரை வந்தார்கள். ஷிப்டை மாற்றிக்கொள்ள முடியாதா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை, அதற்கு அப்புறமும் கேட்கவில்லை. ஆனால் மனதில் இருந்தது. சிலைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபோது அவராகவே சொன்னார்: "கப்பல்னா கெளம்பி மறையிறதுக்கு ஒரு மணி நேரம் ஆகும் பாப்பா. நின்னு பாத்துக்கிட்டே இருக்கலாம். பிளேனு உள்ள போனா அவ்வளவுதான். பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் நான் வரல." நான் பதில் சொல்லவில்லை. அம்மா தெர்மாஸிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். மூன்று பேரும் குடித்தோம்.

இதைப் படித்துவிட்டு, ஊர் பார்க்கக் கேட்டவருக்கு குடும்பக் கதை எதற்கு என்று யாராவது கேட்கலாம். மோகரில் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை, கோவ் ஊரில் இருந்தது. உங்கள் மகளும் விமானம் ஏறி வந்தவள்தானே. அதனால்தான் எழுதினேன்.

ஊரில் மேட்டின்மேல் செயின்ட் கோல்மன் பேராலயம் இருக்கிறது. 1868-இல் தொடங்கி முடிய 1919 ஆனது. 49 மணிகள். ஏற்றம் கடுமையானது, முட்டி வலி இருந்தால் டாக்சி எடுங்கள். ஊருக்கு வெளியே பழைய கல்லறையில், 1915 மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த லூசிடானியா கப்பலில் இறந்தவர்களைப் புதைத்த பொதுக்குழிகள் இருக்கின்றன. ஏறத்தாழ 1,200 பேர் இறந்த கப்பல். நாங்கள் அங்கே போகவில்லை, அம்மா வேண்டாம் என்றார். நான் பிறகு தனியாகப் போனேன்.

மறுநாள் மிடில்டன் போனோம், அதுவும் ரயில்தான். அங்கே பெய்லிக் பூங்காவில் வானத்தைப் பார்த்து நிற்கும் ஒன்பது பெரிய எஃகு இறகுகள் இருக்கின்றன. தங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டு, வழியில் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்திருந்த சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள், எங்கோ அயர்லாந்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு 1847-இல் 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அதற்கான நன்றி அந்த இறகுகள். கொரோனா சமயத்தில் நவஹோ பழங்குடியினருக்கு ஐரிஷ் மக்கள் பணம் அனுப்பியபோது இதைத்தான் நினைத்துக்கொண்டார்கள்.

நேரம் இருந்தால் பஸ்ஸில் யால், கின்சேல் இரண்டுக்கும் போகலாம். யால் ஊரில் தெருவுக்குக் குறுக்கே 1777-இல் கட்டிய மணிக்கூண்டு வாசல் நிற்கிறது, ஒரு காலத்தில் அதுவே சிறை. ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலே இந்த ஊருக்கு மேயராக இருந்தார். முதல் உருளைக்கிழங்கை அவர்தான் இங்கே நட்டார் என்று ஊரில் சொல்வார்கள், அது வெறும் கதையாகவே இருக்கலாம். கின்சேலில் சார்லஸ் கோட்டை. 1601-இல் ஸ்பெயின் படை துணைக்கு வந்து இறங்கியும் ஐரிஷ் தலைவர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றது இந்த ஊரில்தான். பழைய ஐரிஷ் ஆட்சிமுறை அதோடு சரிந்தது. அழகான ஊர், சாப்பாடு விலை அதிகம்.

டொனகலைச் சொல்லவில்லை, டிங்கிளைச் சொல்லவில்லை, வடக்கே ஆன்ட்ரிம் கடற்கரையைச் சொல்லவில்லை என்று வருகிறவர்களுக்கு: அவையெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கார் இல்லாமல், வயதானவர்களோடு, கணக்குப் பார்த்துச் செலவு செய்து நான் போன இடங்களை மட்டும் எழுதியிருக்கிறேன்.

டப்ளின் ஹியூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து கார்க் இரண்டரை மணி நேரம். கார்க்கில் இரண்டு இரவு தங்குங்கள். மகளுக்கு லீவு இல்லையென்றால் நீங்கள் இருவருமே போகலாம், ஸ்டேஷனில் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் "கோவ்" என்று கேளுங்கள். போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், தண்ணீர் அந்தப் பக்கம்தான் வரும்.