ஆட்டுக்குட்டிப் பாட்டும் ஆயுள் தொழிலும்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்காரன். பத்து ஆண்டுகளாக ஒரு கானமேளாக் குழுவில், அதாவது மேடைக் கச்சேரிக் குழுவில், கிட்டார் வாசிக்கிறேன். என் மனைவி இங்கே நர்சரி டீச்சர். அவளுடைய வகுப்புக்காக விளையாட்டாக எழுதத் தொடங்கி, இன்று 22 குழந்தைப் பாடல்கள் சேர்ந்துவிட்டன. சொல்லும் மெட்டும் என்னுடையவை. குழு நண்பர்கள், “கை பழக இது நல்லதுதான், சினிமாவுக்கு எப்போது எழுதப்போகிறாய்?” என்கிறார்கள். ஒரு காணொளி நிறுவனம் எல்லாப் பாடல்களையும் மொத்தமாக ஒரு தொகைக்குக் கேட்கிறது. குழந்தைப் பாடல்களை மட்டும் எழுதி ஒருவர் ஆயுள் முழுக்க இருக்க முடியுமா? ஓர் ஆட்டுக்குட்டிப் பாட்டின் ஒலிப்பதிவையும், மற்றப் பாடல்களின் வரிகளையும் இணைத்திருக்கிறேன். மற்றவற்றைக் கூடச் சேர்ந்து பாடும் பிள்ளைகள், ஆட்டுக்குட்டிப் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். காரணம் புரியவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மனைவியின் வகுப்பறையில் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். கனடாவின் குழந்தைப் பாடகர் ராஃபி இத்துறைக்கு வந்த வழியும் ஏறக்குறைய இதுதான். ஆர்மீனியப் பெற்றோருக்கு 1948-இல் கெய்ரோவில் பிறந்து, பத்து வயதில் டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்து, கிட்டாருடன் பெரியவர்களுக்கு நாட்டுப்பாடல் பாடிக்கொண்டிருந்த அவரை, மாமியார் தம்முடைய மழலையர் பள்ளியில் வந்து பாடும்படி அழைத்தார். பிள்ளைகளுக்கான பாட்டு அதிகம் தெரியாத நிலையில், ஆசிரியையான மனைவியின் துணையோடுதான் அவர் அதற்குத் தயாரானார். அவருடைய முதல் குழந்தை இசைத்தட்டு 1976-இல் வந்தது. பதிவு நடந்த இடம் ஒரு வீட்டின் நிலவறை. அடுத்த ஆண்டே அவர் பெரியவர்களுக்கென்று இன்னோர் இசைத்தட்டு வெளியிட்டார் என்பதை உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். அவருக்கும் அந்த ஊசலாட்டம் இருந்திருக்கிறது. பிள்ளைகள் பக்கமே அவர் நின்றுவிட்டது அதற்குப் பிறகுதான்.

சினிமாவுக்கு எழுதுவது தாழ்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் குழந்தைப் பாடலை அதற்கு ஏணியாக நினைப்பவர், இந்தத் தொழிலின் கணக்கைப் புரிந்துகொள்ளவில்லை. திரைப்பாட்டுக்காரரின் ரசிகர் அவரோடு சேர்ந்து மூப்படைகிறார். உங்களுடைய ரசிகர்களோ இரண்டே ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். பள்ளி திறக்கும் ஒவ்வொரு ஜூன் மாதத்திலும், உங்களை முன்பின் கேட்டிராத ஒரு கூட்டம் அதே பாயில் வந்து உட்காரும். ஆகவே இத்துறையில் பாட்டு பழசாவதே இல்லை. கடையில் கிடைக்காமல் போவது ஒன்றுதான் அதற்குச் சாவு. அமெரிக்கப் பாடகி எல்லா ஜென்கின்ஸ் (Ella Jenkins) 1957-இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். தலைவர் ஒரு வரி பாட, பிள்ளைகள் அதைத் திருப்பிப் பாடும் முறையையே தம் வழியாகக் கொண்டு, 2024-இல் நூறு வயதில் மறையும்வரை குழந்தை இசைக்காரராகவே அறியப்பட்டார். அந்த நிறுவனம் 1987-இல் அமெரிக்காவின் அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் கைக்குப் போனபோது, பட்டியலில் உள்ள எந்த இசைத்தட்டும் கிடைக்காமல் போகக்கூடாது என்பது நிபந்தனையாக இருந்தது. அந்த நிபந்தனையை நான் அவருடைய தொழில் வாழ்வின் ஒரு பாதியாகவே கருதுகிறேன்.

நம் பக்கத்தில் கதை வேறு. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி, திருவிதாங்கூரில் ஆசிரியர் சம்பளத்தில் வாழ்ந்தார், அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்தார். குழந்தைப் பாடலால் மட்டும் அடுப்பெரிந்த முன்னோடியைத் தமிழில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். எனவே கானமேளாவை விடாதீர்கள். அதைப் பாட்டுக்குப் படியளக்கும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

இனி அந்த மொத்தத் தொகை. இதே போன்ற ஒரு பேரத்தில், படிக்காமல் கையெழுத்திட்டு, என் சொந்த வரிகளை நானே மேடையில் பாட அனுமதி கேட்க வேண்டிய நிலைக்கு ஒருமுறை ஆளானவன் நான் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும், பயன்பாட்டுக்கான ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமை அவர்களிடமே நிற்கிறது. அதை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டப்படுவது மட்டும் இதற்கு விலக்கு. கால அளவு குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கும், நிலப்பரப்பு குறிப்பிடாதது இந்தியாவுக்கும் மட்டுமே பொருந்தும். ஆகவே “நிரந்தரமாக”, “உலகம் முழுவதும்” என்ற சொற்கள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். இன்னொன்று: அமெரிக்க அரசோடு யூடியூப் செய்துகொண்ட 2019-ஆம் ஆண்டு உடன்பாட்டுக்குப் பின், 2020 ஜனவரி முதல் யூடியூபில் குழந்தைகளுக்கானவை என்று குறிக்கப்படும் காணொளிகளில், பார்ப்பவரை அடையாளம் கண்டு காட்டும் விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. வருமானக் கணக்கைச் சொல்லி ஆசை காட்டுபவரிடம் இதையும் கேளுங்கள். ராஃபியோ, தம் புகழ்பெற்ற பாடலை ஒட்டிய திரைப்பட யோசனையையே, அது பிள்ளைகளிடம் நேரடியாக விளம்பரம் செய்யும் என்பதால் மறுத்துவிட்டார். அந்த அளவு பிடிவாதம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

கடைசியாக ஆட்டுக்குட்டி. நான்கு முறை கேட்டேன். அது உங்கள் 22 பாடல்களில் மிக அழகானதாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு இடமில்லாத பாட்டாகச் செய்திருக்கிறீர்கள். முதலில் சுருதி. ஆண் குரலுக்கு இதமான தணிந்த இடத்தில் தொடங்குகிறீர்கள். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு அங்கே குரலே இல்லை. ஒரு ஸ்தாயி மேலே ஏறிப் பாடினால் உச்சியில் கீச்சிடும். மெட்டு, மேலை இசைச் சுரங்களில் சொன்னால், ஏறக்குறைய நடு சி-யிலிருந்து அதற்கு மேலுள்ள ஏ வரைக்குள் அவர்கள் தொண்டையில் அடங்க வேண்டும். நீங்கள் சி வடிவக் கோர்டுகளில் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளில்) பழகியவர் என்று கை சொல்கிறது. இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போவை (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை) வைத்து அதே வடிவங்களை வாசித்தால் டி-யில் வந்து நிற்கும், விரலுக்குப் புதுப்பாடம் ஒன்றும் வேண்டாம். அடுத்தது, அந்தக் கானமேளாக் கை. ஒரு வரிக்குள் நான்கு கோர்டு மாறுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள ஓரிடமும் இல்லை. பல்லவிக்கு இரண்டு கோர்டு போதும். கேப்போ இல்லாமல் டி-யிலேயே வாசிக்க மனமிருந்தால், ஆறாம் தந்தியை ஒரு முழுச்சுரம் இறக்கி டி-யில் வையுங்கள். தம்புராபோல அது கீழே ஓடிக்கொண்டிருக்கும்.

எழுத்தில் ஒரே ஒரு திருத்தம். மற்ற பாடல்களில் எதுகையை வரித்தொடக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். முதல் சீரை நீங்கள் எடுத்துக்கொடுத்ததுமே பிள்ளைகள் அடுத்த வரியை ஊகித்துவிடுகிறார்கள். இதில் ஒலியொப்புமை முழுவதும் வரிக் கடைசிக்குப் போயிருப்பதால், அவர்களுக்குத் தெரியும்போது வரி முடிந்துவிடுகிறது. முதல் இரண்டு சரணங்களை முன்னெதுகையாக மாற்றிவிட்டு, ஆட்டுக்குட்டி வேலி தாண்டி மலையாளம் பேசும் பசுவிடம் வழி கேட்கும் மூன்றாம் சரணத்தைத் தொடாமல் விடுங்கள். எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு அதில் சிரிக்க இருக்கிறது. திருத்திய பதிவை எனக்கு அனுப்புவதற்கு முன் உங்கள் மனைவியின் வகுப்பில் பாடுங்கள். பல்லவி இரண்டாம் முறை வரும்போது கிட்டாரை நிறுத்திவிட்டு, யார் தொடர்கிறார்கள் என்று பாருங்கள்.