உந்தம் தெரிந்த பிறகும் செரன்கோவ் கருவி எதற்கு?

காந்தப்புலத்தில் தடம் வளைவதை வைத்தே துகளின் உந்தத்தைக் கண்டுபிடித்துவிடலாமே, துகள் கிளப்பும் ஒளியை வைத்து அதன் வேகத்தை அளக்கும் செரன்கோவ் கருவி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே உந்தமும் ஒரே மின்னூட்டமும் உள்ள பயானும் அதைவிட நிறை மிகுந்த கேயானும் (இரண்டும் நுண்துகள்கள்) காந்தப்புலத்தில் ஒன்றுபோலவே வளையும். எது எது என்று பிரிக்க நிறை வேண்டும். நிறைக்கு, உந்தத்தோடு வேகமும் வேண்டும்.

தொல்லை அந்த வேகத்தில்தான். 10 ஜிஇவி (துகள் இயற்பியலில் உந்தத்தைச் சொல்லும் அலகு) உந்தத்தில் இரண்டுமே ஏறக்குறைய ஒளிவேகத்தில் பறக்கின்றன. கேயானின் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்குதான் குறைவு. 10 மீட்டர் ஓடவிட்டால் அது சுமார் 37 பிக்கோ வினாடி பிந்தி வரும். கடிகாரம் வைத்து இதைப் பிடிப்பது பெரும்பாடு.

செரன்கோவ் கருவி கைகொடுப்பது இங்கேதான். ஓர் ஊடகத்துக்குள் ஒளி செல்வதைவிட வேகமாக மின்னூட்டத் துகள் பாய்ந்தால், கூம்பாக ஒளி கிளம்பும். இயற்பியலாளர் செரன்கோவ் 1934இல் அறிவித்த இதை 1937இல் இலியா ஃபிராங்க், இகோர் தாம் என்ற இருவர் கணக்குப் போட்டு விளக்கினார்கள். ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணை (அதில் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்பதை)த் துகளின் வேகத்தால் பெருக்கி (ஒளிவேகத்தை 1 எனக் கொண்டு), ஒன்றை அதனால் வகுத்தால் கூம்புக் கோணத்தின் கோசைன் கிடைக்கும். இந்தச் சூத்திரத்தின் அழகு, வேகம், ஒளி கிளம்பத் தேவையான குறைந்தபட்ச அளவை ஒட்டியிருக்கும்போதுதான் தெரியும். ஜெனீவா அருகே உள்ள எல்எச்சி துகள் முடுக்கியில் நடக்கும் எல்எச்சிபி சோதனையின் முதல் ரிச் கருவியில் (செரன்கோவ் ஒளியை வளையமாகப் பதியும் கருவி) நிரப்பும் வாயுவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.0014. அதில் கேயான் ஒளிவிடத் தொடங்குவதே 9.3 ஜிஇவியில். ஆகவே 10 ஜிஇவியில் பயானின் கோணம் சுமார் 51 மில்லிரேடியன் (ஏறக்குறைய 3 பாகை), கேயானுடையது 19 மட்டுமே. கடிகாரத்துக்கு எட்டாத வேற்றுமை, கண்ணாடியில் எதிரொளித்து உணரிகளில் விழும்போது பெரிய வளையம், சிறிய வளையம் என்று பளிச்செனப் பிரிகிறது. 9.3க்குக் கீழே கேயான் ஒளியே விடாது, அதுவும் துப்புதான்.

உந்தம் ஏற ஏற இரு கோணங்களும் 53 மில்லிரேடியனை நெருங்கி ஒன்றாகிவிடும். எனவே அதே சோதனையில், ஒளிவிலகல் எண் சுமார் 1.0005 உள்ள வேறு வாயுவுடன் இரண்டாவது ரிச் கருவி 100 ஜிஇவி வரை பார்த்துக்கொள்கிறது. பி மேசான் என்ற கனமான துகள் இரு பயான்களாகச் சிதைந்ததா, பயானும் கேயானுமாகவா என்பதை இவை இல்லாமல் நம்பிக்கையோடு சொல்ல முடியாது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு முடுக்கி ஆய்வகத்தில் நடந்த பாபர் சோதனையின் டிர்க் என்ற செரன்கோவ் கருவி. மற்ற உறுப்புகளுக்கு இடம் விட வேண்டியிருந்ததால் அங்கே 17 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்காச் சட்டங்களையே ஒளி உண்டாக்கவும் கடத்தவும் வைத்தார்கள். உள்ளேயே முழு அக எதிரொளிப்பாகப் பட்டுப் பட்டு, ஏறத்தாழ 5 மீட்டர் நீளச் சட்டத்தின் முனைக்கு வரும் வரை ஒளி தன் கோணத்தை இழப்பதில்லை. சட்டத்தின் பக்கங்கள் துல்லியமாக இணையாகவும் செங்குத்தாகவும் இருந்தால் மட்டுமே இது நடக்கும்.