தடுப்பூசிக் கணக்கு: வாசகர் கேள்விகள்

பிசிஜி (பிறந்த பிள்ளைக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசி) குப்பி 20 டோஸ். ஒன்றை உடைத்தால் 20 என்று எழுதுவதா, போட்ட பிள்ளைகளை மட்டுமா? (பிரசவ விடுதித் தாதி, ஏறாவூர்)

போட்ட பிள்ளைகளை மட்டும்தான். எத்தனை தரம் சொல்லியாயிற்று! உடைத்த குப்பிகளை 20ஆல் பெருக்கி ‘வழங்கியது’ கட்டத்தில் எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. காலையில் உடைத்ததில் 7 பிள்ளைக்குப் போட்டீர்களா, வழங்கியது 7, மிச்சம் 13 விரயம். கரைத்த பிசிஜியை 6 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. பிரசவம் குறைந்த நாளில் விரயம் கூடத்தான் செய்யும். அது உங்கள் குற்றமில்லை, மறைக்கவும் தேவையில்லை. மறைத்தால் பிறந்த பிள்ளைகளைவிட ஊசி போட்ட பிள்ளைகள் கூடிவிடும். சுகாதாரப் பணிமனையில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு உங்களுக்குப் போன் எடுப்பார். இதைவிட மோசம், ‘நாளைக்கு இன்னும் இரண்டு பிரசவம் இருக்கு, சேர்த்துப் போடுவம்’ என்று தாயையும் பிள்ளையையும் ஊசியில்லாமல் துண்டு வெட்டி அனுப்புவது. ஒரு பிள்ளைதான் என்றாலும் குப்பியை உடையுங்கள். உடைத்த நேரத்தை லேபிளிலேயே பேனாவால் எழுதுங்கள். போட்ட கையோடு பதியுங்கள். பின்னேரம் ஞாபகத்தில் கோடு போடாதீர்கள்.

மகளுக்குப் பிரசவம் கல்முனையில், வீடு களுவாஞ்சிக்குடியில். பிசிஜி யாருடைய கணக்கு?

போட்ட வைத்தியசாலையின் கணக்கு. அதற்குப் பிறகு 2, 4, 6 மாத ஊசிகளுக்குப் பிள்ளையைத் தேடி வருவது வீட்டுப் பகுதி மருத்துவமாது. கல்முனையும், களுவாஞ்சிக்குடி சேர்ந்த மட்டக்களப்பும் வேறு வேறு பிராந்திய சுகாதாரப் பணிமனைகள். இரண்டு பக்கமும் எழுதினால் ஒரு பிள்ளை இரண்டாகிவிடும். திகதியும் தொகுதி இலக்கமும் பிள்ளையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

இந்த மாதம் யாருக்கும் பக்கவிளைவு இல்லை. அறிக்கை அனுப்ப வேண்டுமா?

வேண்டும். ‘இல்லை’ என்பதும் அறிக்கைதான். வெறும் மௌனத்தை ‘பார்க்கவில்லை’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நாய் கடித்து ஊசி போட்டேன், அட்டை தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

எங்கே, எப்போது, எத்தனை ஊசி என்று ஒன்றுமே எழுதவில்லை; நான் என்ன சாத்திரமா பார்க்கிறேன்? முதல் ஊசி போட்ட வைத்தியசாலைக்கு இன்றைக்கே போங்கள். அங்குள்ள பதிவேட்டில் திகதியோடு உங்கள் பெயர் இருக்க வேண்டும். அடுத்த ஊசியை மட்டும் பிந்தவிடாதீர்கள்.

கொவிட் ஊசி இரண்டு போட்டேன், கணினியில் ஒன்றுதான் தெரிகிறது.

ஒரு தரம் பழைய அடையாள அட்டை எண்ணையும் மறுதரம் புதியதையும் கொடுத்தீர்களா? பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். கணினிக்கு நீங்கள் இரண்டு ஆட்கள். சரி, இரண்டு எண்ணையும் ஊசி அட்டையையும் எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள்.